ஒரு நூல் கனம்

— அழுக்கு அது. சுரண்டிப் போட்டுட்டு பைக்கு சக்கரத்தத் தூக்கு அம்பிகா. பொழுது சாயறதுக்குள்ள கலவைக்கு, நம்ம ஊருக்குப் போய்ச் சேரணும்.

— அழுக்குன்னா பொடியா உதிரும்ணா. இது மாட்டுக் கொம்பு மாதிரி கெட்டியா இருக்குது. பிரேக் டிரம் ஓரத்துல ஒட்டிக்கினு இருந்துது.

— இன்னாவா இருந்தா உனக்கின்னா? துணிப்பையக் கட்டிட்ட. பாப்பாவ அம்மா நேத்தே கூட்டிக்கினு போய்ட்டா. நட்ட முடுக்குனா நம்மளும் கெளம்பலாம். அந்தக் குடிகாரப் புருசனோட நீ குப்ப கொட்னது போதும்.

— வரமாட்டேன்னா சொன்னேன்? அதுக்காக ஆடற சக்கரத்த நம்பி ஏற முடியுமா? இங்க பாரு, என் நெகம் நொழையுது.

— ஒரு நூல் இடைவெளி. ஃபிரேமு ஒரு வண்டியோடது, சக்கரம் வேற வண்டியோடது. உன் கல்யாணத்துக்கு ஒண்ணொண்ணா தேடி நானே கட்டிக் குடுத்த வண்டி, எனக்குத் தெரியாதா?

— அந்த எடத்துல இரும்பு வளையம், அந்த புஷ்ஷு, இருக்கணும்ல?

— அதக் கடைஞ்சி குடுக்க லேத்துக்காரன் ரெண்டு நாளு ஆவும்ன்றான். பேஜாரு. அதான் தோல்ல ஒரு வாஷர் வெட்டிக்கினு வந்தேன். கச்சிதமா உக்காரும்.

— குடு... மூணு எம்எம், சரியா ஒரு நூல் கனம். அண்ணா, இது மரப்பட்டைத் தண்ணில ஊறுன தோலு.

— அட, தடவிப் பாத்தே சொல்ற! ஷூ கம்பெனிக்காரன் உன்ன சும்மாவா செக்கிங்ல வெச்சிருக்கான்? எங்க டேனரி தோலுதான். யான ஏறினாலும் நசுங்காது.

— சூடு பட்டா? எங்க செக்‌ஷன்ல ஹீட்டராண்ட இந்தத் தோலு போனா சுருங்கி, வெடிச்சி, கொம்பாய்டும். பிரேக்கு புடிக்கப் புடிக்க டிரம்மு கொதிக்காதா?

— அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. போன தபாவும் தோலுதான வெச்சேன்.

— எப்போ?

— ஆடில. செயின் மாத்தும்போது பழைய புஷ்ஷு ஒடஞ்சிட்டுது. ஏன் அப்டி பாக்கற?

— அவரு வண்டியோட விழுந்தது ஆவணில.

— குடிச்சிட்டு விழுந்தான்.

— பாலத்து எறக்கத்துல பிரேக்கு புடிச்சாராம். பின்சக்கரம் கோணிக்கினு செயின் எகிறி மாட்டிக்கிச்சாம். ஆஸ்பத்திரில தலையில அடிச்சிக்கினு சொன்னாரே.

— குடிகாரன் பேச்சு, விடிஞ்சா போச்சு!

— பாப்பா பொறந்த அன்னிக்கே குடிய விட்டுட்டாருணா. நீதான் யாரையும் நம்ப விடல, என்னையுந்தான். ஏழு மாசமா அந்த மனுசனுக்கு சோறு போட்டேன், மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த பேசல. வெளிச்சத்துக்கு வா. நீ அழுக்குன்னு சொன்னியே, இதுல முடி மொளச்ச ரோமக்கண்ணு தெரியுதா? உன் கத்தி வெட்டுன வளைவு தெரியுதா?

— குடு, பாக்கறேன்.

— இந்தா, நல்லா திருப்பிப் பாரு.

— பாதிதான் இருக்குது. வெடிச்சி மீதி எங்கியோ விழுந்திருக்குது.

— நகரு. நான் உள்ள போய் அவராண்ட சொல்லணும்.

— வாணாம் அம்பிகா! உன் கால்ல வேணா விழறேன். நாலு பேரு முன்னால அவன கை நீட்டி அடிச்சிருக்கேன். அவன் காலு போனதுக்கு நான்தான் காரணம்னு தெரிஞ்சா, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இந்த வாசப்படி மிதிப்பேன்?

— தெரியும் மச்சான்.

— ஏங்க! கம்பு இல்லாம எதுக்கு எழுந்து வந்தீங்க? செவுத்தப் புடிங்க!

— வுடு அம்பிகா, நிப்பேன். மச்சான், நீ சொல்ற மீதிப் பாதி என் தலைகாணிக்குக் கீழ கெடக்குது. விழுந்த எடத்துலயே பொறுக்கிட்டேன். ஆஸ்பத்திரில காட்டலாம்னுதான் வெளிய எடுத்தேன். நீ இவளப் புடிச்சிக்கினு அழுதுக்கினு இருந்த, அதப் பாத்துட்டு திரும்ப சட்டைப் பையிலயே போட்டுக்கினேன்.