வீரம்மா பேருக்கு ஒரு கைப்பிடி

— பொட்டு கோணலா இருக்கா, நேரா இருக்கா? அதையாச்சும் சொல்லுங்க அழகண்ணே!

— இருக்கு.

— என்னத்த இருக்கு? பொறந்ததுல இருந்து ஞானஸ்நானத் தண்ணியத் தவிர இந்த நெத்தியில ஒண்ணும் பட்டதில்ல. இன்னைக்கு உங்க காம்பராவுல, உங்க பொஞ்சாதி சேலையக் கட்டிக்கிட்டு, பொட்டு வச்சு, வீரம்மாவா நிக்கிறேன். யேசு சாமி பாத்தாருன்னா சிலுவையில இருந்து ஒரு கைய எடுத்துத் தலையில அடிச்சுக்குவாரு.

— உனக்கு ஏன் சுகிர்தம் இந்த வேல?

— பின்ன யாருக்கு? கொழும்புத் தேயிலக் கம்பனிப் பொண்ணு இப்ப வருது. வீரம்மாவ நேர்ல பாக்கணும்னு பொன்னையா கணக்கப்பிள்ளைக்குப் போன் பண்ணிருச்சு. அந்த மனுசன் வேர்த்த வேர்வையில மஸ்கெலியா டேமு நெறஞ்சு வான்கதவு தெறந்துட்டானுக. வீரம்மா மாசியில குளவி கொட்டிச் செத்ததக் கம்பனிக்கு யாரு சொல்றது? நீங்க சொல்வீங்களா?

— அவ இல்ல.

— பாத்தீங்களா, "இல்ல"! கடைக்குப் போனவளச் சொல்ற மாதிரி. பொதச்சு இத்தன மாசம் ஆச்சு, "செத்துட்டா"ன்னு ஒரு வாட்டி உங்க வாயில வரல. எழவு வீட்டுலயும் ஒரு சொட்டு இல்ல. கல்லக்கூட நனைச்சா ஈரமாகும்.

— டீ இருக்கு. குடி.

— டீ குடிக்கிற நேரமாண்ணே இது? தோட்டத்துல வேல செய்யிற கார்டு ஓடுனாத்தான் குடியிருக்கக் காம்பரா. உங்க கார்ட, கால் ஒடிஞ்ச அன்னைக்கே மூடிட்டானுக. வீரம்மா கார்டும் நின்னா நாளைக்கே கதவுல பூட்டு. அப்புறம் நல்லதண்ணி பஸ் ஸ்டாண்டுல சாமி கும்புட மலை ஏற வந்த சனத்தோட சனமா நீங்களும் படுக்க வேண்டியதுதான். அதுக்குத்தானே நாங்க அத்தன பேரும் தெனம் கைப்பிடி போடுறோம்?

— நான் கேக்கல.

— கைப்பிடிய யாரு கேட்டு வாங்குறா? புள்ளத்தாச்சிக்கும் காய்ச்சக்காரிக்கும், நிறுக்கிறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து அவ சாக்குல போட்டு, அன்னைக்குச் சம்பளத்துக்கு அவ பேரு விழுக வைக்கிறது நம்ம மலையில என்னைக்கும் உள்ளதுதானே. செத்தவளுக்குப் போட்டதுதான் புதுசு. அதுலதான் அளவு தப்பிப் போச்சு. ஒவ்வொருத்தியும் மத்தவ கொறச்சுப் போட்டிருப்பான்னு நெனச்சு ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டுட்டாளுக!

— அதனால?

— அதனாலயா? உசிரோட இருந்தப்ப மத்தியானம் ஆனா வெத்தலையப் போட்டுக்கிட்டு குந்திருவா உங்க வீரம்மா. செத்த பொறவு இலங்கைக்கே முதல் கொழுந்துக்காரி! ஜெர்மனியில தேயிலப் பக்கெட்டுல அவ படமாம். வெள்ளைக்காரன் போனக் காட்டுனா, "இது வீரம்மா பறிச்சது, இந்த மலையில, இந்த நாளுல"ன்னு அது சொல்லுமாம். அங்க ராசாவே அவ பேரச் சொல்லித்தான் டீ குடிக்கிறாராம்.

— அங்க ராசா இல்ல.

— இல்லாட்டி வீரம்மாவுக்காக ஒருத்தர வச்சிருப்பானுக. அத விடுங்க. கார்டுல உள்ள படத்துல மழைக் கொங்காணி மூடி மூக்கு மட்டுந்தான் தெரியுது. மூக்குக்கு நான் போதும். ஆ, அந்தா படியில செருப்புச் சத்தம்! இனி உங்கள நான் அண்ணேன்னு கூப்பிடல. நீங்க என்னைய சுகிர்தம்னு கூப்பிட்டீங்க, கொன்னுருவேன்.

— வணக்கம்! வீரம்மா அக்கா வீடுதானே? நான் ஷெரோமி, கம்பனியில இருந்து வர்றேன்.

— வாங்க மிஸ், வாங்க! நாந்தான் வீரம்மா. முருகன் புண்ணியத்துல சொகமா இருக்கேன். இவருதான் நம்ம வீட்டுக்காரரு. பேச மாட்டாரு. அவரு பங்கையும் சேத்து நானே பேசிருவேன்.

— மிஸ் எல்லாம் வேணாம்க்கா. நானும் வட்டகொட தோட்டத்து லயத்துல பொறந்தவதான்.

— அப்பிடியா? அப்ப மூஞ்சியக் கழுவுனா கொழும்பு போயிரும்! உக்காருங்க மகள். அண்ணே, அந்த முக்காலிய இப்பிடிப் போடுங்க.

— அண்ணேயா?

— அது... கோவம் வந்தா அப்பிடித்தான் கூப்பிடுவேன். பொஞ்சாதி வாயால அண்ணேன்னு கேக்குறத விட ஆம்பளைக்கு வேற தண்டன உண்டா?

— ஐயோ அக்கா, நல்ல ஆளு நீங்க! சரி, இந்த டெப்ல ஒரு சின்ன வீடியோ எடுக்கணும். இந்தச் சிவப்பு லைட்டு எரியிறப்ப பேசுறது எல்லாம் பிளாக்செயின்ல ஏறிரும். ஏறுனா அழிக்க ஏலாது. நான் நெனச்சாலும் ஏலாது, எங்க பெரியவரு நெனச்சாலும் ஏலாது.

— செயினா? என்ன, தங்கமா?

— இல்லக்கா. ஒரே கணக்க ஊர் ஊரா ஆயிரம் கம்பியூட்டர் வச்சிருக்கும். ஒண்ணுல போய் மாத்துனா, மத்ததெல்லாம் சேந்து "பொய்"னு காட்டிக் குடுத்துரும்.

— இதுக்கா கம்பனி வச்சிருக்கீங்க? எங்க பீலிக்கரையில தண்ணி புடிக்கிற எடத்துல காலங்காலமா அதானே நடக்குது! ஒரு வீட்டுச் சண்ட நாப்பது வாயில இருக்கும். ஒருத்தி ஒரு சொல்ல மாத்திச் சொல்லிப் பாக்கட்டும், குடத்தாலயே அடிப்பாளுக.

— அப்ப உங்களுக்கு நான் ஒண்ணும் வெளங்கப்படுத்தத் தேவயில்ல. லைட்டு எரியுது. பேரச் சொல்லுங்க.

— வீரம்மா.

— எப்பிடிக்கா ஒரு ஆளு இவ்வளவு கொழுந்து பறிக்கிறீங்க?

— நான் எங்க பறிக்கிறேன்? நான் தேயில நிரைக்குள்ள போனா கொழுந்து தானா கழண்டு கூடைக்குள்ள குதிக்கும். மழ என்னையச் சுத்திக்கிட்டுத்தான் பெய்யும். சோறு திங்கிறதில்ல, தண்ணி குடிக்கிறதில்ல, மூச்சுக்கூட விடுறதில்ல மகள்.

— மூச்சுமா?

— அவ்வளவு ஒழைப்பு! எல்லாம் கூட இருக்கிற பொம்பளைக ஆசீர்வாதம். ஆமென்.

— ஆமெனா?

— முருகா! முருகான்னு சொல்ல வந்தேன். பக்கத்துக் காம்பராக்காரி வேதக்காரி, அவ வாயி எனக்கு ஒட்டிக்கிச்சு.

— சரிக்கா, முடிஞ்சிருச்சு. இனி இந்த மொகந்தான் வீரம்மா. யாரும் மாத்த ஏலாது.

— காம்பரா?

— கார்டு ஓடுற வரைக்கும் காம்பரா உங்களுக்குத்தான்.

— கேட்டீங்களா? ஏங்க, கேட்டீங்களா! சிரிச்சாத்தான் என்ன?

— கேட்டுச்சு.

— டெப்ப மூடிடுங்க மகள், டீ ஊத்துறேன்.

— இருங்கக்கா, இன்னொரு மொகமும் இருக்கு. சுகிர்தம்னு ஒருத்தங்க. மாசியில இருந்து இந்த மலையில எல்லாருக்குமே கொழுந்து கொஞ்சம் கொறஞ்சிருக்கு. ஆனா இவங்களுக்குப் பாதிக்குப் பாதி. ஆளு மலைக்கு வருதா, கார்டு மட்டும் வருதான்னு மெசின் சந்தேகப்படுது. எந்தக் காம்பரா?

— பாதிக்குப் பாதியா?

— ஆமாங்கய்யா. தெனமும்.

— கைப்பிடின்னுதானே சொன்ன.

— ஏங்க, சும்மா இருங்க!

— என்னது கைப்பிடி? எந்தக் காம்பரான்னு கேட்டேன்க்கா. இவ்வளவு நேரம் தேன்கூடு மாதிரி பேசுனீங்க. அக்கா?

— அது வந்து மகள்... அவ... அவளப் பாக்குறதுன்னா...

— அவ செத்துட்டா.

— ஐயா?

— சுகிர்தம் செத்துட்டா. மாசியில.

— ஏங்க! நானு... அவ எப்பங்க செத்தா?

— மேல் மலையில குளவி கலைஞ்சுச்சு. எல்லாரும் கீழ ஓடுனாங்க. அவ ஓடல. கூடையக் கழட்டிப் போட்டா கொழுந்து கொட்டிரும்னு, மெதுவா எறக்கி வைக்கப் பாத்திருக்கா. நான் நொண்டிக்கிட்டுப் போய்ச் சேந்தப்ப, கொண்டைக்குள்ள எல்லாம் குளவி. ஒவ்வொண்ணா எடுத்தேன். லொறி வர்றதுக்குள்ள ஒடம்பு சில்லுன்னு ஆயிருச்சு. அப்பவும் வெரலு கூடைக் கயித்த விடல. பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு.

— போதும். போதும்ங்க. லைட்டு இன்னும் எரியுது பாருங்க, அந்தச் சிவப்பு லைட்டு...

— எரியட்டும்.

— மன்னிச்சுக்குங்க ஐயா, எனக்குத் தெரியாது. அந்த சுகிர்தம் அக்கா உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்களா? என்ன மொற?

— என் பொஞ்சாதி.