பின்னால வெள்ளையா இருக்கணும்

– சிரிக்காத.

– நான் எங்கீங்க மாமா சிரிச்சேன்? என்ற மொகமே இப்படித்தானுங்க.

– பல்லு தெரியுது.

– அது பயத்துல தெரியற பல்லுங்க.

– வாய மூடு. தாடைய கொஞ்சம் எறக்கு. கம்முனு நில்லு.

– கம்முனு நிக்கறதுக்கா எழுபது வளைவு ஏறி கொல்லிமலைக்கு வந்தேன்? பாப்பாவுக்குக் காய்ச்சல், சித்தி சித்தின்னு அழுகுதுன்னு அம்மாகிட்டப் போன்ல சொன்னீங்க. இங்க வந்து பாத்தா, பக்கத்து ஊட்டு ஜாஸ்மின் நர்சக்கா மடியில உக்காந்து முறுக்குத் தின்னுட்டு இருக்குது.

– காய்ச்சல் விட்டுருச்சு.

– எப்பங்க வந்துச்சு, விடறதுக்கு?

– பூவ எடு.

– எதுக்குங்க?

– காது தெரியணும். ரெண்டு காதும்.

– அக்கா போய் பத்து மாசத்துல என்ற காது மேல உங்களுக்கு இம்புட்டு அக்கறை வந்துருச்சுங்களா?

– எனக்கில்ல. அப்ளிகேஷன்ல அப்படித்தான் கேட்டிருக்கு. காது தெரியணும், கண்ணு தொறந்திருக்கணும், பின்னால வெள்ளையா இருக்கணும்.

– என்ன அப்ளிகேஷன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டீங்கறீங்க.

– எடுத்து முடிச்சுட்டுச் சொல்றேன்.

– ஏனுங்க, செம்மேட்டுல ஸ்டுடியோ இருக்குதில்லீங்க? ஊட்டுக்குள்ள நிக்க வெச்சு செல்போன்ல எடுக்கணும்னு என்னங்க இருக்குது?

– ஸ்டுடியோ இன்னிக்குப் பூட்டு.

– அதுவும் இன்னிக்குத்தானுங்களா? நல்ல நாளு பாத்தீங்க போங்க.

– பட்டுச்சேலை எதுக்குக் கட்டிட்டு வந்த?

– நான் எங்க கட்டுனேன்? அம்மா கட்டிவிட்டாங்க. காய்ச்சக்காரப் புள்ளையப் பாக்கப் போறதுக்குப் பட்டான்னு கேட்டேன். மாமா ஊட்டுக்குப் போறவ பிச்சைக்காரியாட்டவா போறதுன்னாங்க. பூவும் அவங்க வெச்சதுதான். நாலு மொழம். பஸ்ஸுல ஒரு கெழவி, புருசன் ஊட்டுக்கா கண்ணுன்னு கேட்டுச்சு.

– நீ என்ன சொன்ன?

– வாந்தி வர்றாப்பல இருக்குதுன்னு சொல்லித் திரும்பிக்கிட்டேன்.

– சரிகை மின்னுது. மொகத்துல வெளிச்சம் அடிக்குது. இந்தா, இதப் போத்திக்க.

– இது அக்கா சால்வைங்க.

– ஆமா.

– அக்கா துணியப் போத்திவிட்டு, என்னையும் அக்காவாட்ட ஆக்கிப் பாக்கறீங்களா?

– கருநீலம். வெள்ளைக்கு முன்னாடி நல்லா எடுக்கும். அவ்வளவுதான்.

– கதவ எதுக்கு இப்படி அகலத் தொறந்து போட்டிருக்கீங்க? மஞ்சு மூட்டம் உள்ள வருது.

– வெளிச்சத்துக்கு. நேரா பாரு. எடுத்தாச்சு. இரு, ஆன்லைன்ல ஏத்திப் பாக்கறேன்.

– ஆச்சுங்களா? நாலேகால் வண்டிய விட்டா அப்பறம் அடிவாரத்துக்கு, காரவள்ளிக்கு வண்டி இல்லைங்க.

– ஏத்துக்கல. பெருசா இருக்குதாம். அம்பது கேபிக்குள்ள வேணுங்குது.

– என்ற மொகம் அம்பது கேபிக்குள்ள அடங்காதுன்னு அக்கா சொல்லியிருப்பாளே.

– சுருக்கிட்டேன். இப்பவும் ஏத்துக்கல. பின்னால நிழல் விழுகுதாம். ரெண்டடி முன்னால வா.

– சுவரு பச்சையா இருக்கப்போய்த் துணி கட்ட வேண்டியதாப் போச்சு, அது சரி. இதுக்கு ஆணியா அடிப்பாங்க? ஒண்ணு, ரெண்டு... எட்டு ஆணி. சர்க்கார் குவாட்டர்ஸ் சுவத்துல எட்டு ஆணி அடிச்சா கேக்க மாட்டாங்களா?

– கேக்கட்டும்.

– மடிப்புக் கோடு அப்படியே தெரியுது. மூலையில மஞ்சக் கறை வேற.

– கொழம்பு கொட்டிருச்சு.

– அக்கா இருந்திருந்தா கறையோட துணிய மடிச்சு வெப்பாளா?

– வெக்க மாட்டா. எடது பக்கம் நகரு. கறை படத்துல விழக் கூடாது.

– இருங்க, அம்மா போனு. சொல்லும்மா... ஆங், வந்துட்டேன்... நல்லாத்தான் இருக்குது, காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல... போட்டோ எடுத்துட்டு இருக்காரும்மா... என்னைத்தான்... தெரியல, சொல்ல மாட்டீங்கறாரு... ஆமா, பூவ எடுக்கச் சொல்லிட்டாரு... தனியாத்தான்... ஏம்மா சிரிக்கற?... நாலேகாலுக்கு... விட்டுட்டா விட்டுட்டுப் போகுதா? என்ன பேச்சும்மா இது?... சரி வெய்யி.

– என்ன சொன்னாங்க?

– உங்களுக்குத் தெரியாதுங்களா?

– தெரியாது.

– வண்டிய விட்டுட்டா ராத்திரி அங்கியே தங்கிட்டு நாளைக்கு வா, என்ன அவசரம்னாங்க. காலேஜ்ல இருந்து பத்து நிமிசம் லேட்டா வந்தா தெருவுல நின்னு திட்டுன எங்கம்மா.

– அடுத்தது எடுக்கறேன். கண்ண நல்லாத் தொற.

– இப்பத்தானுங்க நல்லாத் தொறந்திருக்குது. காதுங்கறீங்க, சரிகைங்கறீங்க, நிழலுங்கறீங்க. மணி மூணே முக்கால் ஆச்சு. ஒரு ராத்திரி இங்க தங்கிட்டுப் போனேன்னா, அப்பறம் என்னை எவன் கட்டுவான்? நீங்கதான் கட்டணும். அதுக்குத்தான் இத்தனையும்?

– வண்டிக்கு நானே கூட்டிட்டுப் போய் ஏத்தி விடறேன்.

– இதே வாயிலதான் காய்ச்சல்னும் சொன்னீங்க.

– குழலி, நேரா பாரு.

– குடுங்க அந்தப் போன. என்ற மொகத்த நானே பாத்துக்கறேன். மாமா... இது என்னங்க?

– எது?

– உங்க போட்டோ. இதே துணிக்கு முன்னாடி. இதே அளவுல.

– நீ வர்றதுக்கு முன்னாடி வெளிச்சம் சரியா வருதான்னு எடுத்துப் பாத்தேன்.

– எங்கூருக் கருப்பண்ணன் மக ஓடிப்போய் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணுனாளே, அவ சொன்னா. பொண்ணு போட்டோ, மாப்பிள்ளை போட்டோ ரெண்டும் ஆன்லைன்ல ஏத்தணுமாமா.

– இது அதுக்கில்ல. போனக் குடு.

– அப்பா கொண்டாந்து குடுத்த கோடி வேட்டிய வாங்கி வெச்சுக்கிட்டீங்கல்ல?

– வாங்கினேன்.

– வாங்கினாப் பாதிச் சம்மதம். வெள்ளிக்கிழமை அதக் கட்டிக்கிட்டுக் கீழ எறங்கி வந்தா முழுச் சம்மதம். அந்த வேட்டியில ஊசி முனை பட்டாக்கூட கல்யாணத்துக்கு ஆகாதுன்னு, பஸ்ஸுல மடியில வெச்சு, பச்சப்புள்ளையக் கொண்டாராப்பல கொண்டாந்தாரு. வேண்டாம்னா அன்னிக்கே திருப்பிக் குடுத்திருக்கலாம்ல?

– என்ற காலடியில உக்காந்துட்டாரு. மகளும் போயிட்டா, பேத்தியும் போயிருவாளான்னு கேட்டாரு. வயசானவரு. என்ன பண்ணச் சொல்ற?

– அதுக்கு நான் என்ன, கடையில மாத்திக் குடுக்கற சாமானா? ஒண்ணு ஒடஞ்சா இன்னொண்ணு?

– எடுத்தாச்சு.

– திட்டிட்டு இருக்கறப்பவா எடுத்தீங்க?

– நீ திட்டி முடிச்சு வாய மூடினப்ப. ஏத்துக்கிச்சு. பச்சைக் குறி விழுந்துருச்சு. இந்தா, இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடு. கறுப்புப் பேனாவுல.

– இதுல ஒண்ணுமே எழுதலைங்களே.

– எழுதக் கூடாது. கையெழுத்த மட்டும் போட்டோ எடுத்து ஏத்தணும்.

– போட மாட்டேன்.

– நேரம் போகுது.

– போகட்டுங்க. எங்கப்பா இப்படித்தான் வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு, ஓடையோரத்து ஒரு ஏக்கராவப் பங்காளிகிட்ட உட்டுட்டு வந்தாரு. அவராவது மண்ணத்தான் உட்டாரு. எம்பையக் குடுங்க. பூவக் குடுங்க. வெச்சுட்டு வந்த பூ இல்லாமப் போய் எறங்குனா, அதுக்கொரு கதை கட்டுவாங்க ஊருல.

– அஞ்சு நிமிசம் பொறு.

– அது என்னங்க சத்தம்?

– எது?

– உள்ள. பீரோவுல. போன் சத்தம். உங்க போன் உங்க கையில இருக்குது, என்றது என்ற கையில இருக்குது. உள்ள யாரு போனு?

– தொறந்து பாரு.

– இன்னொருத்தி யாராச்சும் இருக்காளா? அதான் பாப்பாவ நர்சக்கா ஊட்டுல உட்டுருக்கீங்களா?

– சாவி பீரோவுலயே இருக்கு. தொற.

– ...இது அக்கா போனு.

– ஆமா.

– கண்ணாடியில கீறல் அப்படியே இருக்குது. ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்ப விழுந்தது. நூத்துக்கு நூறு சார்ஜ் இருக்குதுங்க.

– தினமும் போடறேன்.

– பத்து மாசமாவா?

– ரீசார்ஜும் பண்றேன். என்ன செய்தி வந்திருக்கு, படி.

– பூங்குழலி, உங்கள் புகைப்படம் ஏற்கப்பட்டது. கையெழுத்தைப் பதிவேற்றவும். கடைசி நேரம் இன்று மாலை அஞ்சு மணி. அக்கா போனுக்கு என்ற பேர்ல எதுக்குங்க வருது?

– நீ காலேஜ் முடிச்சப்ப உங்கக்கா அனு உனக்குப் பதிவு பண்ணி வெச்சா. சர்க்கார் வேலைப் பரீட்சைக்கு. உங்கிட்ட பட்டன் போன். அதுலயும் வர்றத உங்கம்மாதான் முதல்ல பாப்பாங்க. அதனால அவ நம்பரக் குடுத்தா.

– எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

– பரீட்சை அறிவிச்சதும் சொல்லிக்கலாம்னா. போன மாசம் அறிவிச்சாங்க. இன்னிக்குக் கடைசி நாள்.

– இதக் கால வெச்சதுமே சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருவீங்க?

– உனக்கு அம்மாகிட்டப் பொய் வராது. இப்ப போன்ல ஒண்ணு விடாம ஒப்பிச்சியே. பரீட்சைன்னு தெரிஞ்சிருந்தா அடுத்த வண்டியில ஏறி வந்திருப்பாங்க.

– போன மாசமே வந்தத எதுக்குக் கடைசி நாளு வரைக்கும் உட்டீங்க?

– நீயே கேட்டேன்னு உங்கம்மா சொன்னாங்க.

– என்னன்னு?

– பாப்பாவுக்காக மாமாவையே கட்டிக்கறேன்னு. அப்ப இவளுக்கே பரீட்சை வேண்டாம் போலன்னு இருந்துட்டேன். நேத்து அனு போன்ல கடைசி நாள்னு செய்தி வந்துச்சு. நீ என்ன சொல்லியிருந்தாலும், அவ பதிவு பண்ணி வெச்சத அப்படியே உட மனசு வரல.

– நான் கேட்டனா? மாமா, நீங்கதான் கேட்டீங்கன்னாங்க. நான் மாட்டேன்னா பாப்பாவ எங்க கண்ணுலயே காட்ட மாட்டேன்னு சொன்னீங்களாமா.

– நானா?

– அப்பா மேல சத்தியமான்னு அம்மா சொன்னாங்க.

– நீ பட்டும் பூவுமா வாசப்படி ஏறினப்ப, நெசந்தான்னு நினைச்சேன்.

– நீங்க கையில சுத்தியலோட நின்னதப் பாத்து நானும் அப்படித்தானுங்க நினைச்சேன்.

– பாப்பாவ நீ எப்ப வேணும்னாலும் வந்து பாரு. அதுக்குக் கையெழுத்தெல்லாம் வேண்டாம்.

– பேனா எங்கீங்க?

– கறுப்பு. பேப்பர் நடுவுல போடு.

– போட்டாச்சு. கொஞ்சம் சாஞ்சிருச்சு, பரவால்லீங்களா?

– பரவால்ல. பரீட்சை எழுத ஊரு கேக்குது.

– நாமக்கல் இருக்குதுங்களா?

– இருக்கு. சேலமும் இருக்கு, சென்னையும் இருக்கு.

– நாமக்கல்லே போடுங்க. வேலைக்கு வேணும்னா சென்னைக்குப் போய்க்கறேன்.

– அனு போனப் பாரு. ஆறு நம்பர் வரும்.

– வந்துருச்சுங்க. நாலு... ஏழு... கண்ணு மறைக்குதுங்க மாமா.

– தொடச்சுட்டுப் படி. மூணு தடவை தப்பாப் போட்டா அடைச்சுக்கும்.

– நாலு, ஏழு, சைபர், ரெண்டு, ரெண்டு, ஒம்போது.

– போயிருச்சு.

– அவ்வளவுதானுங்களா?

– அவ்வளவுதான். கெளம்பு. டிரைவர் டீ குடிச்சு முடிச்சிருப்பான். பூவ எடுத்து வெச்சுக்க.

– சால்வை?

– போத்திக்க. வளைவுல காத்தடிக்கும்.

– மாமா, கீழ போனதும் அப்பா மொதல்ல அந்தக் கோடி வேட்டியத்தானுங்க கேப்பாரு. வெள்ளிக்கிழமை கட்டிக்கிட்டு வர்றாப்லயான்னு. எங்க வெச்சிருக்கீங்க? குடுங்க, நானே கொண்டுபோய் அவரு கையில குடுத்தர்றேன்.

– இவ்வளவு நேரம் அதுக்கு முன்னாடிதான் நின்ன.

– அப்ப அந்தக் கறை?

– உங்கம்மா வெச்ச மஞ்சள்.

– ஐயோ மாமா, எட்டு ஆணி! அப்பாகிட்ட நான் என்னன்னு சொல்றது?

– ஊசி படலைன்னு சொல்லு.