குப்பை போலீசுக்குப் பயந்து ஒளித்தவை

மேடையில் அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, துக்கத்தோடு திரண்டிருக்கும் குடும்பங்களே, என்னோடு குப்பை பிரிக்கும் தோழர்களே, அக்காவின் மகளே, வணக்கம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் பேசக்கூடாத வார்த்தைதான். ஆனால் பொய் சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது.

நம் மறுசுழற்சிக் கொட்டகையின் தலைவி, அன்புக்குரிய அக்கா! அவர் வருவதற்கு முன் இந்தத் தெருமுனை எப்படி இருந்தது? மூக்கைப் பொத்தாமல் யாராவது கடந்திருப்பீர்களா? வீடு வீடாக வாளி கொடுத்தார். காய்கறித் தோலை உரமாக்கினார். கடைக்குத் துணிப்பை எடுத்துப் போக வைத்தார். "பிரிக்கிறது அப்புறம். முதல்ல கண்டதையும் வாங்குறத நிறுத்துங்க" என்று வாசலில் நின்று சண்டை போட்டார்.

அதனால்தான் 'குப்பை போலீஸ்' என்று பெயர் வைத்தீர்கள். ஒரு வீட்டம்மா கேட்டார்: "வாங்க போலீசு, கைவிலங்கு எங்க?"

அக்கா அவர் வீட்டுக் குப்பைப் பையை அவிழ்த்துக் காட்டினார். "உன்னைய அப்புறம் பிடிக்கிறேன். முதல்ல, முட்டை ஓட்டுக்கும் பேப்பருக்கும் எவன்டி கல்யாணம் பண்ணி வச்சது?"

சிரித்தோம். ஆனால், அவர் வாயில் விழாமல் தப்பிக்க நீங்கள் ஒளிக்கக் கற்றுக்கொண்டீர்கள். வேண்டாததைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே டேப் ஒட்டி அனுப்பினீர்கள். அப்படித்தான் வந்தது, வீங்கிப்போன அந்த செல்போன் பேட்டரி. அட்டையை அமுக்கும் இயந்திரத்தில் அது வெடித்தது. கொட்டகை முழுக்கத் தீ. "வெளிய ஓடுங்கடா!" என்று எங்களைத் தள்ளிவிட்டவர் கடைசியாக வந்தார். அந்தப் புகை அவரை விடவில்லை.

யார் வீட்டுப் பேட்டரி? தெரியாது. அதைத் தேட நான் வரவில்லை. ஆனால் தலைவர் அவர்களே, பழைய பேட்டரிக்குத் தனியாக ஓர் இரும்புப்பெட்டி வேண்டும் என்று அக்கா எத்தனை முறை உங்களிடம் கேட்டார்? "வாசல்ல பாக்க அசிங்கமா இருக்கும்மா" என்றீர்களே! இப்போது எது அசிங்கம்?

தீக்குப் பிறகும் பைகள் வந்துகொண்டே இருக்கின்றன. கொட்டகை வாசலில் மலையாகக் கிடக்கின்றன. "நாத்தம் தாங்கல, நாளைக்கே ஆரம்பிங்கப்பா" என்கிறீர்கள். இன்று காலை அவற்றைச் சுற்றி நின்றோம்.

"எவன்டா முதல் பையைப் பிரிக்கிறது?" என்றார் எங்கள் குப்பை வண்டி ஓட்டுபவர்.

"நீதான் மூத்தவன், நீ பிரி" என்றார் இன்னொருவர்.

"புள்ளகுட்டிக்காரன்டா நான்."

யாரும் கை வைக்கவில்லை. உள்ளே ஊசி இருக்கலாம், உடைந்த கண்ணாடி இருக்கலாம், இன்னொரு பேட்டரி இருக்கலாம்.

அக்காவின் வேலையை நாங்கள் விடமாட்டோம். இது அவர் மகள் முன்னால் கொடுக்கும் வாக்கு. நாளை கொட்டகை திறக்கும். முதல் பையை நான் பிரிப்பேன். நீங்கள் அந்த இரும்புப்பெட்டியை வையுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள். அந்தக் குவியலில் எதையாவது ஒளித்துப் போட்டிருந்தால், வீட்டுக்குப் போகும் முன் என் காதில் சொல்லிவிட்டுப் போங்கள். பெயர் கேட்கமாட்டேன்.

இனி உங்களைத் திட்டுவதற்கு யாரும் இல்லை.