இரண்டாவது மேடு

ஆட்டு ரத்தம் வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கெல்லாம் கறிக்கடையில் நிற்க வேண்டும். பிந்திப் போனால் கழுவி விட்டுவிடுவார்கள். அன்றைக்கு நான் ஐந்தே முக்காலுக்கே போய்விட்டேன். கடை கேமராவில் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். சரிதான், அது நான்தான்.

ரத்தம் எதற்கு என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள், சார். எம்.எஸ்சி. கடைசி வருட ஆய்வுக்கு. சிவப்புக் கடல்பாசியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தோம், நானும் டிலக்ஷனாவும். கருவி வரையும் படத்தில் எப்போதும் இரண்டு மேடுகள் வரும். முதலாவதுதான் எங்கள் புரதம், இரண்டாவது அழுக்கு என்று நினைத்து மூன்று மாதம் அதைத் தொட்டியில் ஊற்றினேன். ஒருநாள் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏனடி ஊத்திறாய்? அதுவும் உன்ர புரதம்தான். ரெண்டு ரெண்டாச் சேர்ந்து நிக்குது. எங்கட முகாம் மாதிரி. நெரிசல் கூடினா ஒருத்தற்ற கால் மற்றவற்ற வீட்டுக்க கிடக்கும்."

"போடி, முகாம் விஞ்ஞானி" என்றேன்.

அவள் சொன்னதுதான் சரி. அதற்கு டொமைன் ஸ்வாப்பிங் என்று பெயர். ஒரே மாதிரியான இரண்டு மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் தன் உடம்பின் ஒரு பகுதியை, கை என்றே வைத்துக்கொள்ளுங்கள், தன் இடுக்கிலேயே மடக்கி வைத்திருக்கும். நெருக்கடியில் அந்தக் கை விரிந்து, பக்கத்தில் இருப்பதன் இடுக்கில் போய் உட்காரும். அதன் கை இதன் இடுக்குக்கு வரும். புதிதாக ஒன்றும் சேரவில்லை, ஒன்றும் குறையவில்லை. வேலை மட்டும் மாறிவிடுகிறது. தனியாக இருக்கும்போது ஒரு ரத்த அணுவைப் பிடிக்கும். ஜோடியானால் இரண்டு அணுக்களைச் சேர்த்துக் கட்டும். ஆட்டு ரத்தத்தில் விட்டால் கண்ணாலேயே பார்க்கலாம். சோதனைத் தட்டில் தனிப் புரதம் விட்ட குழியில் ரத்தம் அடியில் இறங்கிப் பொட்டாக நிற்கும். ஜோடி விட்ட குழியில் பாய் விரித்த மாதிரிப் படரும். ஜோடியைப் பிரிப்பதும் பெரிய வேலை இல்லை. நிறையத் தண்ணீர் சேர்த்தால் போதும், மெதுவாக அவிழ்ந்துவிடும்.

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அவள் யோசிப்பாள், என் கை வேலை செய்யும். அவளுடைய ஆங்கிலத்தில்தான் நான் கட்டுரை எழுதினேன். என் ஹாஸ்டல் கட்டிலில்தான் அவள் தூங்கினாள்.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி இடம் வந்தது. எங்கள் துறையிலிருந்து ஒருத்திதான் போக முடியும். எங்கள் ஆய்வு வழிகாட்டி சத்யப்பிரியா மேடம், "அந்த ரெண்டாவது மேடு என்னன்னு கண்டுபிடிச்சது யாரு, நீயா அவளா?" என்று கேட்டார். நான் என்றேன். அவளையும் நேர்காணலில் கேட்பேன் என்றார்.

எங்கள் அய்யா கமுதிப் பக்கம் அடுத்தவர் ஆட்டை மேய்க்கிறார். எங்கள் குடும்பத்தில் யாரும் படிக்கவில்லை என்று சான்றிதழ் வாங்க நான் தாலுகா ஆபீசுக்கு ஏழு தடவை நடந்தேன். படிக்காததற்கும் அத்தாட்சி கேட்கிற நாடு இது. டிலக்ஷனா இலங்கை அகதிகள் முகாமிலேயே பிறந்தவள், குடியுரிமை கிடையாது. அந்த இடம் கிடைத்தாலும் அவளைச் சேர்த்திருக்க மாட்டார்கள். வீணாகப் போயிருக்கும். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை.

அவர்கள் முகாமில் மாதம் ஒருமுறை ஆள் எண்ணுவார்கள். வெளியே தங்குகிறவர்கள் முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும். அவள் நான்கு நாள் ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டியிருந்தது. பாசி எடுக்க நான் போகும் வழியில்தான் முகாம் என்பதால் மேடம் கையெழுத்திட்ட கடிதத்தை என்னிடம் தந்தாள். பாசியோடு திரும்பி வந்தேன். கடிதம் பையிலேயே இருந்தது. மறந்துவிட்டேன் என்று முதல்நாள் எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மறக்கவில்லை. ஒரு வாரம் ஆபீஸ் ஆபீசாக அலைவாள், நேர்காணலுக்கு வர மாட்டாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

எண்ணும்போது ஆள் இல்லை என்று விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சிறை மாதிரியான சிறப்பு முகாமில் அடைத்துவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள்.

"மன்னாரில மாமி இருக்கிறா. போயிடட்டோ, லெட்சுமி?" என்றாள்.

"ஒன் இஷ்டம்டி" என்றேன். படகுக்காரர் நம்பரை நான்தான் தேடிக் கொடுத்தேன். தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்களாம், அந்தப் பக்கத்துப் படகு வந்து ஏற்றிக்கொள்ளுமாம். அதுதான் வழக்கம் என்றார்கள்.

அவள் படகேறிய மறுநாள் காலை, கறிக்கடையில் நிற்கும்போது ஆறு பத்துக்கு அவள் செய்தி வந்தது. "மற்றப் பக்கத்துப் போட் வரேல்ல. தண்ணி ஏறுது. நேவிக்குச் சொல்லடி. சார்ஜ் பதினொண்டுதான் கிடக்கு."

கடைக்காரர் ரத்தம் பிடித்த குழாயை நீட்டினார். "என்ன தாயி, மொகம் வெளுத்துருக்கு? ரத்தத்தப் பாத்துப் பயந்துட்டியா?"

"தெனம் வாங்குறவதானண்ணே."

சோதனைக்கு ரத்த அணுக்களைக் கழுவி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். பதினோரு மணிக்குத் தேர்வுக் குழு முன்னால் நேர்காணல். அது முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். குழுவின் முன் சோதனைத் தட்டை நீட்டினேன். முதல் வரிசையில் பொட்டு, இரண்டாவதில் பாய். எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். இடம் எனக்குத்தான் என்று அங்கேயே சொன்னார்கள். பிறகு சாப்பிடக் கூட்டிப் போனார்கள். பிறகு யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அரிச்சல்முனையில் உடல் ஒதுங்கியது. அவள் அம்மா சந்திரவதனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்காவது சொல்லிப்போட்டுப் போனவளோ பிள்ளை?" என்று கேட்டார். இல்லை அம்மா என்றேன்.

ஒரு போன் போட்டிருந்தால் போதும். நான் போடவில்லை. அதை மறுக்கவில்லை.

என் போனிலிருந்து எடுத்த இரண்டு பதில்களைக் காட்டுகிறீர்கள். நான் அனுப்பியவைதான். ஆறு பன்னிரண்டுக்கு, "சொல்லிட்டேன்டி. வர்றாங்க. அங்கனயே இரு." எத்தனை மணிக்கு வருவினம் என்று அவள் கேட்டதற்கு, ஏழே முக்காலுக்கு, "இப்ப வந்துருவாங்க. போன ஆஃப் பண்ணி வையி, சார்ஜ் போயிரும்."

நான் பதிலே போடாமல் விட்டிருந்தால் அவள் வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பாள் என்கிறீர்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் அத்தனை தண்ணீருக்கு நடுவில் தனியாக நின்று பயப்படுவாளே, சார். என்னை விட்டால் அவளுக்கு ஆறுதல் சொல்ல யார் இருந்தார்கள்.