குரல் கேக்குதா?

முகேஷ்: அக்கா, 'ஈக'ன்னா கன்னடத்துல இப்போதானே?

தமயந்தி: ஆமாண்டா. ஏன்?

முகேஷ்: 'டாக்டரம்மா ஈக பர்த்தாரே', இப்போ வருவாங்கன்னு அட்டெண்டர் சொல்லி நாப்பத்திரெண்டு நிமிஷம் ஆச்சு.

தமயந்தி: உன்கிட்ட வாயக் குடுத்தான் பாரு... உக்காருடா. நீ நடக்கற நடையில தரை தேயுது.

முகேஷ்: தேயாது. மொசைக்கு. ஃபாரத்த எழுதி முடிச்சியா?

தமயந்தி: இந்தக் கேள்வியிலதான் நிக்கறேன். 'சின்ன வயசுல மத்த பிள்ளைங்களோட விளையாடினாரா?'

முகேஷ்: விளையாடினேனே.

தமயந்தி: கிழிச்ச. கண்ணாமூச்சி ஆடி முடிச்சு எல்லாரும் சாப்பிடப் போயிருவோம். நீ மட்டும் தண்ணி டிரம்முக்குப் பின்னாலயே...

முகேஷ்: யாரும் என்னக் கண்டுபிடிக்கலயே!

தமயந்தி: ஐயோ சாமி. முப்பது வயசுல இது தேவையாடா? மனச்சிதைவுன்னு ஒரு பேரு ஏற்கெனவே இருக்கு. இப்ப ஆட்டிசமா? அது சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றதுதானே?

முகேஷ்: அந்தப் பிள்ளைங்க வளராதா? ரெண்டுல எது, இல்ல ரெண்டுமேவா, மொதல்லேந்து பாக்கணுமாம். அதுவரைக்கும் மாத்திரைய நிறுத்தக் கூடாதாம்.

தமயந்தி: நிறுத்தித் தொலைக்காத.

முகேஷ்: நிறுத்தல. ஆனா கை நடுங்குதே. பீன்யா ஃபாக்டரில என்ன அளவு பாக்கற வேலையிலேந்து பேக்கிங்குக்குத் தள்ளிட்டாங்க. ஒரு மைக்ரான் தப்பினதில்ல நான்...

தமயந்தி: தெரியும்டா.

முகேஷ்: தொண்ணூத்தஞ்சாம் வருஷத்து ஃபைலுல 'குரல் கேக்குது'ன்னு எழுதியிருக்கு. அதுதான் இந்த டாக்டரம்மாவக் குழப்புதாம். அன்னிக்கு என்கூட யார் வந்தாங்கன்னு கேட்டாங்க. உன் பேரச் சொன்னேன்.

தமயந்தி: எதுக்குடா என் பேர? நான்... வெளியிலதானே நின்னேன்?

முகேஷ்: உள்ள. என் பக்கத்து நாற்காலி. அப்ப இருந்த டாக்டரு 'தனியா இருக்கறப்ப குரல் கேக்குதா'ன்னாரு. கேக்குதுன்னேன். யாரோடதுன்னாரு. ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை, மாத்தி மாத்தின்னேன். என்ன சொல்றாங்கன்னாரு...

தமயந்தி: நாளைக்கு மழை வரும்னு சொல்றாங்கன்ன.

முகேஷ்: சொன்னாங்களே! விவேக் நகர்ல ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் சுவரு. பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் அங்கிள் ரேடியோ. கன்னட நியூஸ்.

தமயந்தி: போதும்டா.

முகேஷ்: அத இன்னிக்கு நீ சொல்லணும். நான் சொன்னா நம்புவாங்களான்னு தெரியல.

தமயந்தி: தண்ணி குடிக்கிறியா?

முகேஷ்: வேணாம். சொல்லுவியா?

தமயந்தி: ...என்னன்னுடா சொல்லுவேன்? ரேடியோன்னு அன்னிக்கே தெரிஞ்சும் சும்மா இருந்தேன்னா? திமிரு, திமிருன்னு அப்பா பெல்ட்டால உரிச்சாரு உன்ன. வியாதின்னு டாக்டரு எழுதினாத்தான் விடுவாருன்னு நெனச்சேன். எழுதினாரு. பெல்ட்டும் நின்னுச்சு. உன் கை இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதுடா முகேஷு... பதினோரு வருஷமா உன்கிட்ட மறைச்சிட்டேன்.

முகேஷ்: எங்க மறைச்ச? ரேடியோன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். மேஜைக்கு அடியில நீ என் கால மிதிச்ச. எதுக்குன்னு எனக்கும் தெரிஞ்சுது, மூடிக்கிட்டேன். எந்திரி, நம்ம நம்பரக் கூப்பிடறாங்க. இன்னிக்கு மிதிக்காத.