கவுஸ் பாஷாவுக்கு ஒரு புதுப் பொட்டி

— ஏங் கண்ணு காவியா, என் கிட்டார் ஆம்ப் எங்க? வேன்ல இருந்து எல்லாத்தையும் எறக்கியாச்சு, அதை மட்டும் காணோம்?

— அது தருமபுரியில நம்ம ஷெட்டுலயே இருக்குதுங்க மாமா. அப்பாதான் ஏத்த வேணாம்னுட்டாரு.

— உங்கப்பனா? நல்லாயிருக்குது! ரிசப்ஷன் மேடையில கிட்டாரை வெச்சுக்கிட்டு நான் ஈ ஓட்டறதா?

— டென்ஷனாவாதீங்க. இந்தாங்க, டிஜிட்டல் பொட்டி. உங்க பழைய வால்வு ஆம்ப் சத்தத்தையே போன வாரம் இதுக்குள்ள பதிஞ்சு வெச்சுட்டேன். டிபன் பாக்ஸ் கனம்தான், தூக்கிப் பாருங்க.

— என்னது? இந்தப் பக்கம் வந்து சொல்லு. பந்தியில பாத்திரத்தைப் போட்டு உருட்டறானுங்க.

— பொட்டியிலருந்து சத்தம் நேரா என் மிக்சர் போர்டுக்கு வரும். அங்க நான் தொறந்து விட்டா உங்க காதுக்கு. இந்த இயர்போனை மாட்டிக்கிட்டா முடிஞ்சுது, சிம்பிள்.

— எவன் கேட்டான் இந்த வெளையாட்டுச் சாமானை? வால்வு சூடேறி, பின்னாடி ஆம்ப் உறுமும்போது கெண்டைக்கால் அதிரும் பாரு, அதுலதான் கண்ணு நான் தாளத்தையே புடிக்கறேன்.

— அந்த உறுமல்தான் மாமா வம்பே. கச்சேரிக்குக் கச்சேரி சத்தத்தை ஏத்திக்கிட்டே போறீங்க. ஏரியூர்ல மாப்ள வூட்டுக்காரங்க காதைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போனாங்களா இல்லியா? பாடற நிர்மலாதேவி அக்காவுக்குத் தன் குரலே கேக்கலையாம்.

— அதுக்கு?

— இந்தப் பொட்டியில வாசிச்சாத்தான் இனிமே குழுவுல உங்களுக்கு இடம்னுட்டாரு அப்பா. இல்லீனா சேலத்துக்காரராம். அதோ உக்காந்திருக்காரு பாருங்க, செவப்புச் சட்டை.

— கிட்டாரோடயே வந்துட்டானா? யா அல்லா... நஸீமா அப்பவே சொன்னா.

— அத்தை என்ன சொன்னாங்க?

— ஒண்ணுமில்ல. டாக்டர்கிட்ட போலாம்னா. முதுகு வலிக்கு. ஆம்பைத் தூக்கித் தூக்கி...

— இனிமேதான் தூக்கவே வேண்டாமே! மாட்டிப் பாருங்க மாமா. உங்களுக்கு ஒத்து வந்துச்சுனா அந்தாளை மொரப்பூர் ஸ்டேஷன்ல அடுத்த ரயிலுக்கே ஏத்தி விட்டுடலாம். நான் பேசிக்கறேன் அப்பாகிட்ட.

— குடு, குடு. மாட்டிட்டேன். இதோ வாசிக்கறேன்.

— இருங்க மாமா, அதுக்குள்ள...

— அட! நல்லாயிருக்குது கண்ணு!

— கேக்குதுங்களா?

— கேக்காம? வால்வு மாதிரியேதான். சத்தத்துல அதே கனம். இன்னும் சொல்லப்போனா, அதுக்கும் ஒரு படி மேல.

— நெசமாவா மாமா?

— நான் ஏன் பொய் சொல்றேன்? போ, உங்கப்பன்கிட்ட சொல்லு, கவுஸ் பாஷாவுக்குப் பொட்டி புடிச்சுப் போச்சுன்னு. சேலத்தானுக்கு ஒரு காப்பி குடுத்து அனுப்பச் சொல்லு. என்ன கண்ணு, இன்னும் அங்கயே நிக்கற? ஏன் அப்படிப் பாக்கற?

— மாமா... மிக்சர்ல உங்க சத்தத்தை நான் இன்னும் தொறக்கவே இல்லீங்க.