சிவப்பு ரப்பர் மாட்டிய பாட்டில்

என் பெயரும் தகப்பனார் பெயரும் இந்தத் தாளின் தலையில் எழுதியிருக்கிறபடி. வயது ஐம்பத்து மூன்று. கடைக்குப் பின்னாலேயே இரண்டு அறைகளில் மனைவியோடு குடியிருக்கிறேன். தொழில் வியாபாரம். சின்ன வயதில் தலைச்சுமையாகச் சோப்பு விற்று ஆரம்பித்தவன், இன்றைக்குக் கடை சொந்தக் கட்டடத்தில் நடக்கிறது. என்னை யாரும் ஆள் விட்டு அழைக்கவில்லை, நானாகத்தான் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். நேற்று நண்பகல் என் கடையில் நடந்த அடிதடியின் முடிவில் எதிர்வீட்டு மாடிக்காரர் குழாய் அடைப்பு நீக்கும் காரத் தண்ணீரைக் குடித்துத் தொண்டை வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பெண்டாட்டிதான் கையில் கொடுத்தாள் என்று அவர் எழுதிக் காட்டியதாகவும், அதனால் அந்தப் பெண்ணின் கட்டிலுக்குப் பக்கத்தில் காவல் போட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அவளுக்குத் தாடை உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், பேச்சு வராது. அவள் கொடுத்தாளா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

என் கடையில் எந்தச் சரக்குக்கும் உறை கிடையாது. எண்ணெய், தானியம், சோப்புக் கரைசல், தரை துடைக்கும் திரவம் எல்லாம் பீப்பாயிலும் தொட்டியிலும் இருக்கும், வருகிறவர்கள் வீட்டிலிருந்து டப்பாவோ பாட்டிலோ கொண்டுவந்து நிரப்பிக்கொண்டு போவார்கள். உலகத்தைக் காப்பாற்ற நான் இந்தக் கடையை வைக்கவில்லை. பொட்டலம் கட்டி விற்ற காலத்தில் ஒவ்வொருவரும் பேரம் பேசினார்கள், பொட்டலம் இல்லாமல் விற்றதும் அதே ஆட்கள் பேரத்தை விட்டுவிட்டுப் பெருமையாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துத்தான் வைத்தேன். காலிப் பாத்திரத்தை முதலில் தராசில் வைத்து அந்த எடையைக் கழித்துவிட்டு, அதன் பிறகு சரக்கை நிறுப்பது எங்கள் வழக்கம்.

இங்கே வரும் எந்தப் பாட்டிலும் அதற்கு முன்னால் வேறு எதற்கோ பாட்டிலாக இருந்ததுதான். பழச்சாறு பாட்டிலில் கழிவறை திரவம் போகும், தேன் குப்பியில் துணி சோப்பு போகும். எழுதி ஒட்டினால் ஈரத்தில் அழிந்துவிடுகிறது. ஆகையால் வாய்க்குப் போகக் கூடாத எதை நிரப்பினாலும் பாட்டில் கழுத்தில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம் மாட்டித்தான் கொடுப்பேன். என் வாடிக்கைக்காரர் வீட்டில் தவழும் பிள்ளைகூடச் சிவப்பைக் கண்டால் தொடாது. பழச்சாறு பாட்டிலில் காரத் தண்ணீர் கொடுப்பது முறையா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். முறையில்லைதான். நேற்று வரைக்கும் அந்த ரப்பர் போதும் என்று நம்பினேன்.

மேற்படி பெண்ணை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன், தெருவில் டப்பாக்காரி என்பார்கள். எதையும் தூக்கிப் போடாத பெண். கிழிந்த சட்டை பையாகும், பை கிழிந்தால் துடைக்கும் துணியாகும். கணவருக்குத் தெருவில் பார்சல் சார் என்று பெயர். தெருக்கோடி இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. கைபேசியில் பார்த்ததையெல்லாம் தருவிப்பார், பாதியைப் பிரிக்கவே மாட்டார். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் வருகிற பார்சல்களை இந்தத் தெருவுக்கு நான்தான் வாங்கி வைக்கிறேன். இணையக் கடைக்காரன் என் எதிரிதான், ஆனால் அவன் பெட்டியை எடுக்க வருகிறவன் என் கடையில் ஒரு சோப்பாவது எடுக்காமல் போகமாட்டான். பார்சல் சார் மட்டும் வரவே மாட்டார். மனைவிதான் வந்து தூக்கிப் போவாள். நேற்று வரைக்கும் அவர் என் கடைப் படி ஏறியதே இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் சிவப்பு ரப்பர் எதற்கு என்று இந்தத் தெருவில் தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

அவர் அடிப்பார் என்பது எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்கப்பட்டது. தெரியும். ஒருமுறை கன்னத்தில் தடிப்போடு வந்தாள்.

"என்னம்மா முகத்துல?"

"கதவு இடிச்சிடுச்சுண்ணே."

"உங்க வீட்டுக் கதவுக்கு அஞ்சு விரலா தங்கச்சி?"

சிரித்தாள், துணியை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள். நான் பில் போட்டுக் கொடுத்தேன்.

நேற்று நண்பகலுக்குச் சற்று முன்னால் அவள் பையில் கண்ணாடி ஜாடிகளோடும் ஒரு பெரிய பழச்சாறு கண்ணாடிப் பாட்டிலோடும் வந்தாள். சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டதாகச் சொல்லி அடைப்பு நீக்கும் காரத் தண்ணீர் கேட்டாள். அது குழாய்க்குள் உறைந்த எண்ணெயையும் முடியையும் கரைக்கும் சரக்கு, பார்வைக்குக் குடிதண்ணீர் மாதிரியே இருக்கும், தோலில் பட்டால் தோலையும் கரைக்கும். நானே நிரப்பி, மூடி, சிவப்பு ரப்பரை மாட்டி, பாட்டிலைத் தராசுத் தட்டில் வைத்தேன். அந்த நேரத்தில் கடையில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா மரப் பிடி போட்ட பல் தூரிகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு பார்சல் கொடுக்கிறவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, சாருக்கு வந்திருக்கு."

"என்னவாம்?"

"கழுத்து பிடிச்சு விடுற மிஷின்னு போட்டிருக்கு."

"போன தடவை வந்தது கால் பிடிச்சு விடுறது. அதுக்கு முன்னாடி முதுகு."

டீச்சரம்மா திரும்பிப் பார்த்து, "உடம்புல ஒரு இடம் பாக்கி வைக்க மாட்டாரு போலிருக்கே. கடைசியா மூளைக்கு ஒண்ணு வருதான்னு பாரும்மா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்த தைரியத்தில்தான் அதைச் செய்தாள் என்று நினைக்கிறேன்.

"தம்பி, இதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க. வீட்டுல கால் வைக்க இடமில்ல."

"அப்புறம் சார் என் தலையை உருட்டுவாரே அக்கா."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

பார்சல்காரர் தன் கைபேசியில் வேண்டாம் என்று அழுத்தினார். அழுத்திய அடுத்த நிமிடமே இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருந்த கணவரின் கைபேசிக்குச் செய்தி போயிருக்கிறது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பார்சல்காரர் பெட்டியை வண்டியில் திரும்பக் கட்டி முடிப்பதற்குள் பார்சல் சார் கடைக்குள் நுழைந்துவிட்டார்.

"யாரைக் கேட்டுடி திருப்பி அனுப்பின?"

"வீட்டுல இடமில்லைங்க..."

"உன் ஓட்டை டப்பாவுக்கெல்லாம் இடமிருக்கு, என் சாமானுக்கு இடமில்லையா?"

இப்படிச் சொல்லி அவள் பையைப் பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தார், ஜாடிகள் நொறுங்கின. அதன் பிறகு அவள் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து, முகத்தை என் மேசையின் எவர்சில்வர் விளிம்பில் மோதினார். காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடித்தது போலச் சத்தம் கேட்டது. நான் மேசையைச் சுற்றி ஓடி வருவதற்குள் மறுபடியும் மோதினார். அப்போது ஒரு பல் தெறித்துத் தராசுத் தட்டில் விழுந்ததையும், தராசில் எண் ஒரு கிராம் கூடியதையும் நான் பார்த்தேன்.

அதன் பிறகு நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் பழைய தராசுக்குப் பக்கத்தில் கிடந்த இரும்பு எடைக்கல்லை எடுத்து என் வலது முன்கையில் அடித்தார், எலும்பு முறிந்தது. அதன் பிறகு பார்சல்காரர் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். பார்சல் சார் முழங்கையால் இடித்ததில் பார்சல்காரரின் மூக்கு உடைந்தது. இரண்டு பேரும் சாய்ந்த வேகத்தில் சோப்புக் கரைசல் பீப்பாயின் குழாய் பிய்த்துக்கொண்டு கடை முழுவதும் கரைசல் ஓடியது. பார்சல்காரர் வழுக்கி விழுந்து, தலை சுவரில் மோதி, எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டார். "விடுடா, செத்துடுவாடா!" என்று டீச்சரம்மா குடையை ஓங்கிக்கொண்டு வந்தார். அவரையும் தள்ளிவிட்டதில் அலமாரியோடு விழுந்தார், மூக்குக்கண்ணாடி உடைந்தது. அதன் பிறகு தரையில் கிடந்த மனைவியை உதைக்க ஆரம்பித்தார். சோப்புத் தரையானதால் உதைப்பதும் வழுக்கி விழுவதும் எழுந்து மறுபடி உதைப்பதுமாக இருந்தார். வேறு இடமாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். ஒவ்வொரு உதைக்கும் அவள் உடம்பு தரையில் நகர்ந்துகொண்டே போய் மேசையை ஒட்டிய அரிசித் தொட்டியில் முட்டி நின்றது.

அதன் பிறகு அவருக்கு மூச்சு வாங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடித்த களைப்பில் நாக்கு வறண்டு உதட்டை நக்கினார். தராசுத் தட்டில் இருந்த பாட்டிலைப் பார்த்து எடுத்தார். சிவப்பு ரப்பரை விரலால் இழுத்து விட்டு, "பாட்டிலுக்குக்கூடப் பட்டை கட்டி வச்சிருக்கான் பாரு, கஞ்சப்பய" என்றார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "தண்ணிதானேய்யா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை.

தரையில் கிடந்த அந்தப் பெண் கையை உயர்த்தினாள். வாயிலிருந்து ரத்தமும் ஒரு சத்தமும் வந்தது, தாடை தொங்கியதால் அது சொல்லாக வரவில்லை. கையைப் பாட்டிலை நோக்கி ஆட்டினாள். அவர் அதைத் தன்னை அடிக்க ஓங்கியதாக எடுத்துக்கொண்டு, "இன்னுமா கை நீளுது உனக்கு?" என்று அந்தக் கையைச் செருப்புக் காலால் மிதித்தார். மிதித்தபடியே மூடியைத் திறந்து அண்ணாந்து ஒரு வாய் குடித்தார்.

அந்த ஒரு வாய் இறங்கிய உடனே அவள் எப்படி எழுந்தாள் என்று எனக்குத் தெரியாது, எழுந்து அவர் வாயிலிருந்த பாட்டிலை வலது கையால் தட்டிவிட்டாள். பாட்டில் மேசையில் மோதி உடைந்தது, காரத் தண்ணீர் அவள் உள்ளங்கையில் வழிந்தது. அவள் கையில் இருக்கிற வெந்த புண் அப்படி ஏற்பட்டது. விஷத்தைக் கையாண்டதற்கு அந்தப் புண்தான் அத்தாட்சி என்று நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். அது அவரைக் காப்பாற்றியதற்கு அத்தாட்சி. இன்னொரு வாய் போயிருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதாக அறிகிறேன்.

அதன் பிறகு அவர் கத்த வாய் திறந்தார், சத்தம் வரவில்லை, ரத்த நுரைதான் வந்தது. கழுத்தைத் தானே பிறாண்டிக்கொண்டு அவள் மேலேயே விழுந்தார். நான் இடது கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து அப்புறம் போட்டேன். டீச்சரம்மா தடவித் தடவி அவளைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கையைத் தண்ணீரில் பிடித்தார். அதற்குள் மயக்கம் தெளிந்த பார்சல்காரர் ஆம்புலன்ஸுக்குப் பேசினார். பெட்டி வண்டியிலேயே கட்டிக் கிடந்தது.

கடைக் கேமராவில் இதெல்லாம் பதிவாகியிருக்குமா என்று கேட்டார்கள். என் கேமரா கல்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. வியாபாரி வைத்த கேமரா வேறு எதைப் பார்க்கும்?

குடிக்காதே என்று யாரும் தடுக்கவில்லையா என்ற கேள்விக்கு: தடுத்தது அந்தப் பெண் ஒருத்திதான். பேச முடியாதவள் கையால் தடுத்தாள், அதற்கும் மிதி வாங்கினாள், மிதி வாங்கிய கையாலேயே பாட்டிலைத் தட்டிவிட்டாள். டீச்சரம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்பது மனுஷனா மரமா என்று தெரியாது. பார்சல்காரர் மயக்கத்தில் இருந்தார். பேச வாயும் பார்க்கக் கண்ணும் இருந்தது எனக்கு மட்டும்தான்.

பயத்தில் எனக்கு நா எழவில்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். வேண்டாம் என்றேன். பயம் இருந்தது, கையில் உயிர் போகிற வலியும் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் ஒரு ஆள் வந்து அரிசி என்ன விலை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் தண்ணிதானே என்று கேட்டபோது இல்லை என்ற ஒரு சொல் என் வாய்க்குள் இருந்தது. தராசுத் தட்டில் அந்தப் பல்லும் இருந்தது. அதைப் பார்த்தேன், குடிக்கட்டும் என்று நினைத்தேன், சும்மா இருந்தேன். மௌனம் சம்மதம் என்பார்கள், அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும்.

இதை எழுதினால் என் பெயரும் வழக்கில் சேரும் என்று எச்சரிக்கப்பட்டேன். சேரட்டும். பாத்திரத்தின் எடையைச் சரக்கோடு சேர்த்து நிறுப்பவன் கள்ள வியாபாரி. என் எடையை அந்தப் பெண்ணின் தலையில் சேர்த்து நிறுக்க வேண்டாம். அவள் கணக்கில் வரவேண்டியது அந்தப் பல்லின் ஒரு கிராம்தான்.

இவ்வளவும் நான் தெளிவான புத்தியோடு சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, நடந்தது இதுவே. வலது கை கட்டில் இருப்பதால் கையெழுத்துக்குப் பதிலாக இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.